பேசாமல் எடுக்கப்படும் முடிவு: ஹெமிங்வேயின் புகையிரத நிலையமும் வாலஸின் ஏரிக்கரையும்

வாசகர் ஒருவரின் கருத்து, 2025 யூன் 13

இந்த மாதம் எங்கள் வட்டம் வாசித்த இரண்டு கதைகளிலும் ஓர் ஆணும் பெண்ணும் கருவைக் கலைப்பதா வேண்டாமா என்ற கேள்வியின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டிலும் அந்தச் சொல் அவர்கள் வாயிலிருந்து வருவதில்லை. ஹெமிங்வேயின் அமெரிக்கன் சுயநலக்காரன்; அவளை வற்புறுத்துகிறான். வாலஸின் லேன் டீன் மனச்சாட்சி உள்ள பிள்ளை, அவளுக்காக வேதனைப்படுகிறான். ஆகவே இரண்டாவது கதைதான் மனிதாபிமானம் மிக்கது என்பது என் முடிவு. எப்படியானாலும் இவை வேறு நாட்டாரின் கதைகள். திருகோணமலையிலிருந்து வாசிக்கும் நமக்கு இவற்றில் எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை.

யூன் 14, காலை

இரண்டு கதைகளையும் நேற்றிரவு மறுபடியும் வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். மேலே உள்ள கருத்தின் முற்பகுதியையும் நான் ஏற்கவில்லை, பிற்பகுதியையும் ஏற்கவில்லை. ஆனால் வட்டத்தில் பாதிப்பேர் ஏதாவது ஒரு கதையை மட்டுமே வாசித்துவிட்டு வந்திருந்தபடியால், முதலில் கதைகளில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹெமிங்வேயின் ‘வெள்ளை யானைகளைப் போன்ற குன்றுகள்’ 1927இல் வெளிவந்தது. ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு சந்தி நிலையம், கடும் வெயில், பார்சலோனாவிலிருந்து மட்ரிட்டுக்குப் போகும் கடுகதி வர இன்னும் நாற்பது நிமிடம். ஓர் அமெரிக்கனும், அவன் ‘ஜிக்’ என்று அழைக்கும் ஓர் இளம்பெண்ணும் நிலையக் கட்டடத்தின் நிழலில் உட்கார்ந்து பியர் குடித்தபடி பேசுகிறார்கள். கதையின் பெரும்பகுதி அந்தப் பேச்சுத்தான். மிகவும் இலகுவான சத்திரசிகிச்சை என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான்; எதற்கான சிகிச்சை என்பது கடைசிவரை சொல்லப்படுவதில்லை.

டேவிட் ஃபொஸ்டர் வாலஸின் ‘நல்ல மனிதர்கள்’ 2007 பெப்ரவரியில் நியூயோர்க்கர் சஞ்சிகையில் வெளிவந்தது. ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் மேசையொன்றின் மேல் லேன் டீனும் ஷெரி ஃபிஷரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் பக்தியுள்ள கிறிஸ்தவ மாணவர்கள். செய்வதற்கான நாளும் நேரமும் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. கரையோரத் தண்ணீரில் விழுந்து கிடக்கும் ஒரு மரத்தைப் பார்த்தபடி லேன் மனத்துக்குள் நினைத்துக்கொண்டே இருக்கிறான். அந்த நினைப்புத்தான் கதை. ஒன்றில் மனம் அடைக்கப்பட்டுப் பேச்சு மட்டும் தரப்படுகிறது. மற்றதில் பேச்சு ஏறத்தாழ இல்லாமற்போய் மனம் மட்டும் தரப்படுகிறது.

இப்போது என் மறுப்புக்கு வருகிறேன். அமெரிக்கன், நான் உன்னோடு வருவேன், முழு நேரமும் கூடவே இருப்பேன் என்று ஜிக்கிடம் சொல்கிறான். லேனும் ஷெரியிடம் அதையேதான் சொல்கிறான். தன்னால் உண்மையாகச் சொல்லக்கூடிய சில நல்ல வார்த்தைகளுள் அது ஒன்று என்று நினைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் சொல்கிறான். அவள் தலையை அசைத்து, மகிழ்ச்சியில்லாத ஒரு சிரிப்பை மூக்கால் விடுகிறாள். அமெரிக்கன், நீ விரும்பாவிட்டால் செய்ய வேண்டாம் என்கிறான். லேன், நீ ஒரு வார்த்தை சொன்னால் நாளைத் தள்ளிப்போடலாம் என்கிறான். இரண்டு ஆண்களும் முடிவைப் பெண்ணின் மடியில் வைத்துவிட்டு, அவள் எதைத் தெரிவுசெய்ய வேண்டுமென்று தாங்கள் விரும்புவதை மட்டும் தெளிவாக உணர்த்துகிறார்கள். ஒருவனைக் கெட்டவன் என்றும் மற்றவனை நல்லவன் என்றும் பிரிப்பதற்கு இந்த வாக்கியங்கள் இடம் தருவதில்லை.

யூன் 14, இரவு

ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஜிக்குக்கு ஸ்பானிய மொழி தெரியாது. பானம் கொண்டுவரும் பெண்ணோடு பேசுவதெல்லாம் அமெரிக்கன்தான். வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் வரும் என்று அந்தப் பெண் வந்து சொல்லும்போது, அவள் என்ன சொன்னாள் என்று ஜிக் அவனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வைத்தியர் யார், எங்கே, என்ன செலவு என்பதெல்லாம் அவன் வழியாகத்தான் அவளுக்கு வந்திருக்கும். வண்டிச் செய்தி கிடைத்தவுடன் அந்தப் பணிப்பெண்ணைப் பார்த்து ஜிக் பிரகாசமாகப் புன்னகைக்கிறாள். கதை முழுவதிலும் அவள் அவனைத் தவிர்த்து இன்னொரு மனுஷியை நோக்கிச் செய்யும் ஒரே காரியம் அதுதான் என்பதை, இந்த முறை வாசித்தபோதுதான் நின்று கவனித்தேன்.

யூன் 16

அமெரிக்கனின் பேச்சில் வற்புறுத்தல் எங்கே இருக்கிறது, அவன் அவளிடம் விருப்பத்தைத்தானே கேட்கிறான் என்று வட்டத்து இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு நேர்மையான பதில் சொல்வதானால் என் தொழிலிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

நான் இந்த மாவட்டத்தில் குடும்பநல உத்தியோகத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணித் தாய்மாரைப் பதிந்து, கிளினிக்குக்கு வரச் செய்து, பிறந்த பின்னர் பிள்ளையின் நிறையைப் பார்ப்பது என் வேலை. கீழே எழுதுவதில் ஆட்களை இனங்காணக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

ஒரு வீட்டில் நான்காவது கரு தங்கியிருந்தது. நான் முற்றத்தில் உட்கார்ந்தவுடன் கணவர் தொடங்கினார். மிகவும் மரியாதையானவர். “அவ என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம் மிஸி. நான் ஒண்டும் சொல்லேல்ல. அவவின்ர உடம்பு, அவதான் சொல்லோணும்” என்றார். அதைச் சொல்லி முடித்ததும் கடனைப் பற்றிச் சொன்னார். பிறகு மறுபடியும் அவளுடைய விருப்பம் என்றார். பிறகு மூத்தவனின் படிப்பைப் பற்றிச் சொன்னார். பிறகு மறுபடியும் அவளுடைய விருப்பம். தேநீர் ஆறும்வரை அவர் நிறுத்தவில்லை. அந்தப் பெண் வேலியோரம் ஆட்டுக்குக் குழை கட்டியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாட்டுச் சொல்லி அவரைக் கடைவரை அனுப்பினேன். அவர் படலையைத் தாண்டிய பின்னர்தான் அவள் வாய் திறந்தாள். கருவைப் பற்றி அவள் முதலில் பேசவில்லை. “அவர் கதைக்கிறதை நிப்பாட்டினா நான் யோசிச்சிருவன் மிஸி” என்றாள்.

ஜிக்கும் இதைத்தான் சொல்கிறாள். தயவுசெய்து பேச்சை நிறுத்து என்று கேட்கும் அந்த வரியில் ‘தயவுசெய்து’ ஏழு முறை வருகிறது. ஒரு வாசகர் அதை நரம்புத் தளர்ச்சி என்றார்; எனக்கு அது ஒரு பெண் தன் சொந்த யோசனைக்காக இடம் கேட்பதாகவே கேட்கிறது. உன் விருப்பம் என்பதை ஒருமுறை சொன்னால் அது அனுமதி. சிறிது நேரத்துக்குள் அதையே மீண்டும் மீண்டும், ஒவ்வொரு முறையும் ஒரு காரணத்தைச் சேர்த்துச் சொன்னால், கேட்பவளுக்கு எந்தப் பதிலோடு அந்தப் பேச்சு முடியும் என்பது விளங்கிவிடுகிறது. அதனால்தான் ஜிக், எனக்கு என்னைப் பற்றி அக்கறை இல்லை, ஆகவே செய்துகொள்கிறேன் என்கிறாள். அப்படியான மனநிலையோடு செய்ய வேண்டாம் என்று அவன் உடனே பதறுகிறான். சம்மதத்தோடு அவளுடைய மனநிறைவும் அவனுக்குக் கிடைக்க வேண்டும்.

யூன் 17

லேன் டீனைப் பற்றி நான் கடுமையாக எழுதிவிட்டேன் என்று இரண்டு பேர் குறைப்பட்டிருக்கிறார்கள். கதையே அவனைப் பற்றி இதைவிடக் கடுமையாகச் சொல்கிறது என்பதைக் காட்ட வேண்டும்.

நாளைத் தள்ளிப்போடலாம், வேண்டுமானால் இன்னும் பிரார்த்தித்துப் பேசலாம் என்று லேன் சொன்ன இடத்திலேயே, அந்தச் சொற்களின் நோக்கம் அவனுக்குத் தெரிகிறது: அவளைப் பேச வைத்தால் அவள் மனம் தெரியும், மனம் தெரிந்தால் எதைச் சொல்லி இதைச் செய்ய வைக்கலாம் என்பதும் தெரியும். அப்படித் தான் விரும்புவதை ஒப்புக்கொண்டால் தான் ஒரு கபடன், பொய்யன் என்றாகிவிடும் என்பதும் தெரிகிறது. ஆகவே தெரிந்துகொண்டே ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறான். அமெரிக்கனின் தலைக்குள் இப்படி ஏதும் ஓடியதா என்பதை ஹெமிங்வே நமக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஒருவேளை அவனுக்காகவும் நாம் இரங்கியிருப்போம். லேனை நல்லவன் என்று நாம் நம்புவதற்குப் பெருங்காரணம், அவன் வேதனையைக் கேட்கக்கூடிய இடத்தில் எழுத்தாளர் நம்மை உட்கார வைத்திருப்பதுதான். ஷெரியின் வேதனையைக் கேட்கும் இடத்தில் எவரும் உட்காரவில்லை.

வேறுபாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்று இருக்கிறது, அது பெரியது. அமெரிக்கன், நான் உன்னைக் காதலிக்கிறேன், உனக்கே தெரியுமே என்று எளிதில் சொல்லிவிடுகிறான். லேனால் அதைச் சொல்ல முடிவதில்லை. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் எல்லாமே மாறிவிடும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அது உண்மையல்ல என்று அவன் நம்புகிறான், பொய் சொல்லப் பயப்படுகிறான். தனக்குள் இரண்டு பெரும் படைகள் எதிரெதிரே நின்று, போரிடாமல், ஒன்றையொன்று பார்த்தபடியே இருப்பதாக உணர்கிறான். நரகம் என்பது இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறான். சொல்லாமல் இருப்பது இங்கே ஓர் அளவுக்கு நேர்மை. அதே சொல்லாமல் இருப்பது அவளைத் தனியே விட்டுவிடுவதும் ஆகும். இரண்டும் ஒரே மௌனத்துக்குள் இருக்கின்றன. வாலஸ் இதைப் பிரித்துக் காட்டாமல் அப்படியே வைத்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

யூன் 19

இவை நம்முடைய கதைகள் அல்ல என்ற பகுதியைப் பற்றி இரண்டு நாட்களாக யோசித்தேன். முதலில் எனக்கும் ஒரு தயக்கம் இருந்தது. எப்ரோ நிலையத்தில் அந்த இருவரைத் தவிர வேறு உறவினர் இல்லை. மாமியார் இல்லை, அக்கா இல்லை, கிணற்றடியில் சத்தி எடுத்ததைக் கண்டுவிட்டு மறுநாளே கேட்கும் பக்கத்து வீட்டார் இல்லை. பெட்டிகளில் அவர்கள் தங்கிய விடுதிகளின் ஒட்டுத்தாள்கள் மட்டுமே இருக்கின்றன. உப்புவெளியிலோ தம்பலகாமத்திலோ இப்படி இருவர் மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்கும் வாய்ப்பு அரிது. நான் போன வீடுகளில், கணவனும் மனைவியும் பேசத் தொடங்கும் முன்னர் மாமி பேசி முடித்திருப்பார்.

ஆனால் வாலஸின் கதை அப்படியல்ல. அந்த மேசையில் இருவர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாலும், லேனின் தாயும் அங்கே இருக்கிறார். ஷெரி நல்ல பிள்ளை என்ற அவருடைய எண்ணத்தைத்தான் தலைப்பு சுமக்கிறது. அவர்கள் சந்தித்துக்கொண்ட மாணவர் ஊழியக் குழு இருக்கிறது. அவர்கள் செய்த பிரார்த்தனைகள் இருக்கின்றன. கர்த்தர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற அச்சம் இருக்கிறது. பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்து என் முன்னால் அழுத பெண்ணையும், ஞாயிறு பூசைக்குப் போகக் கால் வரவில்லை என்று சொன்ன பெண்ணையும், தொழுகை விரிப்பில் உட்கார்ந்தபடியே தன் சந்தேகத்தைக் கேட்ட பெண்ணையும் எனக்குத் தெரியும். அமெரிக்காவின் நடுமேற்கில் அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும் இருவரையும் அந்த மூவரும் உடனே விளங்கிக்கொள்வார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் புகையிரதம், வெயில், சந்தி நிலையம் என்று ஹெமிங்வேயின் கதைதான் நமக்குக் கிட்டவாகத் தோன்றும். மனத்தளவில் மற்றதுதான் பக்கத்தில் இருக்கிறது.

யூன் 20

அந்தச் சொல்லை இரு எழுத்தாளரும் தவிர்த்தது சட்டத்துக்குப் பயந்து என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அது பொருந்தாது. 1927இல் ஸ்பெயினில் கருக்கலைப்புக் குற்றம் என்பது உண்மைதான். ஆனால் பாத்திரங்கள் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கவலைப்படுவதில்லை. அவன் இதைச் செய்துகொண்ட பலரைத் தெரியும் என்றே ஆறுதல் சொல்கிறான். லேனும் ஷெரியும் வாழ்வது அமெரிக்க உயர் நீதிமன்றம் 1973இல் அதை உரிமையாக ஏற்றபின்னரான காலத்தில். நேரம் குறித்துக்கொண்டு வெளிப்படையாகப் போகலாம். அந்தத் தீர்ப்பு 2022இல் நீக்கப்பட்டபோது வாலஸ் உயிரோடு இல்லை. இரண்டு கதைகளிலும் மௌனத்துக்குக் காரணம் இருவருக்கும் இடையில் இருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் இல்லை.

நம்முடைய நிலை வேறு. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெதற்காகச் செய்தாலும் மூன்று வருடம்வரை சிறை. கருவில் அசைவு தெரிந்த பின்னர் என்றால் ஏழு வருடம்வரை. தானே செய்துகொள்ளும் பெண்ணும் அதற்குள் அடங்குவாள். என் முன்னால் ஒரு பெண் வாய் திறக்காமல் இருந்தபோது, அது கணவனோடு கொண்ட மனக்கசப்பா, கடவுள் பயமா, அல்லது அரச உத்தியோகத்தரான என்னிடம் சொன்னால் வழக்காகிவிடுமோ என்ற பயமா என்று பிரித்தறிய எனக்கு வழியிருக்கவில்லை. பிழையான இடத்துக்குப் போய்க் காய்ச்சலோடும் இரத்தப்போக்கோடும் பிந்தி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் வைத்தியசாலைக்கு வரப் பயம் என்றார்கள். ஆகவே இந்தக் கதைகளின் மௌனத்தை அழகு என்று புகழும்போது, எல்லா மௌனமும் ஒரே வகையல்ல என்பதையும் எங்கள் வட்டம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

யூன் 22

நேற்றைய கூட்டத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: பேசிப் பேசி வற்புறுத்தும் ஆண் பெரிய துன்பமா, பேசாமல் இருக்கும் ஆணா? கூட்டத்தில் நான் பதில் சொல்லவில்லை. எழுதினால்தான் சரியாக வரும் என்று பட்டது.

இன்னொரு வீடு. கணவர் கடற்றொழில் செய்பவர். மனைவிக்கு முதற்பிள்ளை பிறந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். உடம்பில் இரத்தம் போதாமல் இருந்தது. நான் போகும்போதெல்லாம் அவர் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார், உள்ளே வரமாட்டார், ஒன்றும் சொல்லமாட்டார். அவருக்குப் பிள்ளை வேண்டாம் என்று மனைவி முடிவு கட்டியிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறார் என்றாள். அவளுக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து, அடிக்கடி போய்ப் பார்த்து, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பிறந்த பின்னர் வைத்தியசாலை வாசலில் அவர் என்னிடம் சொன்னார்: “அவ வேண்டாமெண்டு சொல்லிருவாவோ எண்டு பயந்துதான் மிஸி நான் வாயே திறக்கேல்ல.” மாதக்கணக்காக ஒரே கூரையின் கீழ் இருவரும் ஒருவர் மனத்தை மற்றவர் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மௌனத்தில் கபடம் எதுவுமில்லை. இருந்தும் அவள் இரவுகளில் தூக்கமில்லாமல் இருந்தது உண்மை.

ஆகவே, அந்தக் கேள்விக்கு நான் கண்டதை வைத்துச் சொல்வதானால், பேசும் ஆணை எதிர்த்து ஒரு பெண்ணால் ஏதாவது சொல்ல முடியும். ஜிக் சொல்கிறாள்: ஒருமுறை எடுத்துப் போய்விட்டால் அது திரும்பக் கிடைக்காது என்கிறாள், இந்த உலகம் இனி நம்முடையதல்ல என்கிறாள். அவனுக்கு விளங்காவிட்டாலும் அவள் சொல்லிவிடுகிறாள், வாசகர் கேட்டுவிடுகிறோம். பேசாத ஆணிடம் பெண் எதை எதிர்ப்பாள்? ஷெரி கதை முழுவதும் ஏறத்தாழ ஒன்றும் சொல்வதில்லை. அவள் பேச்சாக வருவதில் பெரும்பகுதி லேன் கற்பனை செய்துகொள்வது. இதனால் ஹெமிங்வேயின் பெண்ணுக்குக் கிடைத்த குரல் வாலஸின் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை என்று நான் கருதுகிறேன். எண்பது வருடங்கள் பிந்தி எழுதப்பட்ட கதையில், கூடுதல் அனுதாபத்தோடு எழுதப்பட்ட கதையில், பெண்ணுக்கு முன்னதைவிடக் குறைந்த இடமே இருப்பது என்னை வருத்துகிறது.

யூன் 23

மேலே எழுதியதன் கடைசி வரியை அப்படியே விட மனம் வரவில்லை. வாலஸ் அதை அறிந்தே செய்கிறார் என்றும் வாசிக்கலாம். கதையின் முடிவில், ஷெரி தன் பக்கம் திரும்பி, என்னால் இதைச் செய்ய முடியாது, நான் சுமப்பேன், உன்னை நான் கட்டிப்போடவில்லை, நீ போகலாம் என்று சொல்லப்போவதாக லேன் ஒரு காட்சியைக் காண்கிறான். அவள் சொல்லும் அந்தச் சுதந்திரமும் முழு உண்மையல்ல, அவன் நல்லவனாக இருப்பான் என்று நம்பி அவள் எல்லாவற்றையும் பணயம் வைக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரிகிறது. இவை அனைத்தும் அவன் மனத்தில் நடப்பவை. இருந்தும் அவளை ஒரு சிக்கலாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், முதன்முறையாக அவள் இடத்திலிருந்து யோசிக்கிறான். தனக்கு அவள்மேல் அன்பில்லை என்று ஏன் இத்தனை நிச்சயமாக நம்புகிறேன், அன்பு என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாதிருந்தால், நான் வெறுமனே பயந்திருக்கிறேன் என்றால், பிரார்த்திக்க வேண்டியது துணிவுக்காக மட்டும் என்றால் என்று கேள்விகளாகவே கதை நிற்கிறது. அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறது. படலையடியில் நின்ற அந்த மனிதருக்கும் தேவைப்பட்டது அந்தத் துணிவுதான்.

யூன் 26

ஹெமிங்வேயின் கதை முடிவில் அமெரிக்கன் பயணப் பெட்டிகளைத் தூக்கிப்போவது அவன் மனம் மாறியதைக் காட்டுகிறதா என்று கேட்டவருக்கு. நிலையம் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கிறது. இருவரும் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் நிழலும் மரமும் இல்லாத வறண்ட நிலம். மறுபக்கத்தில் தானிய வயல்கள், ஆற்றோரத்து மரங்கள். கடைசியில் அமெரிக்கன் பெட்டிகளை மறுபக்கத்துக்குத் தூக்கிப்போகிறான். இதை வைத்து, அவன் மனம் மாறிவிட்டான், பிள்ளை பிறக்கப்போகிறது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. இரவுத் தபால் வண்டியில் கொழும்பிலிருந்து வரும் நமக்கு, மட்டக்களப்புப் பாதையும் திருகோணமலைப் பாதையும் பிரியும் கல்ஓயாச் சந்தியில் எந்தப் பெட்டி எந்தப் பக்கம் போகிறது என்பது அற்பமான விடயமல்ல. ஆகவே அந்த வாதத்தின் கவர்ச்சி எனக்கு விளங்குகிறது. இருந்தும் நான் ஏற்கவில்லை. பெட்டிகளை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில் அவன் மதுக்கூடத்தில் தனியே ஒரு பானம் குடிக்கிறான். அங்கே இருப்பவர்களைப் பார்த்து, இவர்களெல்லாம் எவ்வளவு நிதானமாக வண்டிக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறான். கதை அவன் மனத்துக்குள் தெளிவாக எட்டிப்பார்க்கும் இடம் அது. அங்கே நாம் காண்பது ஜிக் நிதானமற்றவள் என்ற தீர்ப்பு. மனம் மாறியவன் அப்படி நினைக்கமாட்டான். திரும்பி வந்து, இப்போது சுகமாக இருக்கிறதா என்று கேட்கிறான். எனக்கு ஒரு குறையுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்கிறாள். இந்தப் பதிலை நான் எத்தனையோ திண்ணைகளில் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டால் எழும்பிப் போகக்கூடாது, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

யூன் 29

லேனுக்கும் ஷெரிக்கும் பிறகு என்ன நடந்தது என்று கேட்டவருக்கு: பதில் ஒன்று அச்சில் இருக்கிறது. வாலஸ் 2008இல் இறந்தார். அவர் முடிக்காமல் விட்ட நாவல் 2011இல் ‘வெளிறிய அரசன்’ என்ற பொருள்படும் தலைப்போடு வெளிவந்தது; இந்தக் கதை அதன் ஓர் அத்தியாயமாக இருக்கிறது. பின்னர் வரும் பகுதியில் லேன் டீன் பியோரியா நகரில் வருமானவரி அலுவலகத்தில், மணமானவனாக, கைக்குழந்தைக்குத் தந்தையாக, படிவங்களைச் சரிபார்க்கும் மேசையில் தாங்க முடியாத சலிப்போடு உட்கார்ந்திருக்கிறான். அவன் துணிவு அடைந்தான் என்று மகிழ்வோரும் உண்டு, வாழ்க்கையைத் தொலைத்தான் என்போரும் உண்டு. சிறுகதையை வாசிக்கும்போது அதைச் சேர்த்து எண்ண வேண்டாம் என்பது என் கருத்து. முடிவு எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரிந்தவுடன், அந்த மேசையில் இருவரும் உட்கார்ந்திருந்த விதத்தை நாம் பார்ப்பதை விட்டுவிட்டு, விளைவை வைத்துத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். நான் எழுதிய இரண்டு வீடுகளில் முதலாவதில் என்ன நடந்தது என்று கேட்டுத் தனிமடல் அனுப்பியவர்களுக்கும் இதுவே என் பதில்.

யூலை 2

அடுத்த கூட்டத்தில் ஹெமிங்வேயின் கதையை உரத்து வாசிக்கலாம் என்று வந்த யோசனையை வரவேற்கிறேன். ஒரு வேண்டுகோள்: ஜிக்கின் வரிகளை ஆண்களில் ஒருவர் வாசிக்கட்டும், அமெரிக்கனின் வரிகளைப் பெண்களில் ஒருவர் வாசிக்கட்டும். வீட்டில் தனியே எனக்கு நானே இரண்டையும் உரத்து வாசித்துப் பார்த்தேன். அவனுடைய வரிகள் வாயில் மிகச் சுலபமாக வருகின்றன. மரியாதையான, நியாயமான வரிகள். அவளுடையவை ஒவ்வொன்றுக்கும் முன்னர் மூச்சு எடுக்க வேண்டியிருக்கிறது. வாலஸின் கதையில் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்தால் போதும்; அதை வட்டத்தின் இளையவர்களில் மணமாகாத ஒருவர் வாசிப்பது நல்லது. கணவன்மார் மனைவியரையும் அழைத்து வந்தால் கதிரைகள் இன்னும் சில இரவல் வாங்க வேண்டும். எந்தப் பகுதியை யார் வாசிப்பது என்பதை வியாழக்கிழமைக்குள் தெரிவித்தால் பிரதிகளை எடுத்து வைக்கிறேன்.